கப்பலுக்கு முன்னே செய்தி போய்ச் சேரட்டும்: பைலட் ஏணிகள் குறித்து ஒரு திறந்த மடல்

பைலட் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், துறைமுக அதிகாரிகளுக்கும், கப்பல் நிறுவனங்களில் பாதுகாப்புப் பொறுப்பு வகிப்போருக்கும் வணக்கம்.

துறைமுகத்துக்குள் வரும் கப்பலையும், துறைமுகத்தை விட்டு வெளியேறும் கப்பலையும் வழிநடத்தும் கப்பல் பைலட் நான். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில் கால் வைக்கும்போது எங்கள் வேலை தொடங்குகிறது. அதே போன்ற ஓர் ஏணியில் இறங்கிப் படகில் கால் ஊன்றும்போது முடிகிறது. இடையில், கப்பலை இயக்கும் இடமான மேடையில் நின்று நாங்கள் செய்யும் வேலைக்கு ராடார், வரைபடம், இழுவைப் படகுகள், கேப்டன், மாலுமிகள் என்று எத்தனையோ துணைகள் உண்டு. ஏணியில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் இரண்டு பக்கக் கயிறுகளையும், யாரோ ஒருவர் மேலே போட்ட முடிச்சையும் தவிர வேறு துணை கிடையாது. அந்த முடிச்சைப் போட்டவரை நாங்கள் பார்த்ததுகூட இருக்காது.

புதிய விதிகள் வேண்டும் என்று கேட்பதற்காக நான் இம்மடலை எழுதவில்லை. குறையுள்ள ஏணி ஒன்றை ஒரு பைலட் இன்று கண்டால், அந்தச் செய்தி அடுத்த துறைமுகத்தில் அதே ஏணியில் ஏறப்போகும் பைலட்டிடம், கப்பல் அங்கே சென்றடைவதற்கு முன்பே சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இன்று பெரும்பாலான இடங்களில் அப்படி நடப்பதில்லை. ஏணி பயணம் செய்கிறது. ஏணியைப் பற்றிய அறிவு கரையிலேயே தங்கிவிடுகிறது.

விதிகள் எவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் சிலவற்றை நினைவூட்டுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் சொல்லப்போவது இவற்றைச் சார்ந்தே இருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸின் ஐந்தாம் அத்தியாயத்தில் 23ஆம் விதியும், பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் 2011ஆம் ஆண்டுத் தீர்மானமும், ஐஎஸ்ஓ 799 தரநிலையும் பைலட் ஏணி எப்படி இருக்க வேண்டும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் சொல்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் 18 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள, ஒட்டோ இணைப்போ இல்லாத இரண்டு கயிறுகள். ஒவ்வொரு பக்கக் கயிறும் 24 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டரை டன் எடையைத் தாங்கும் வலிமை. படிகளுக்கு இடையே 310 முதல் 350 மில்லிமீட்டர் சீரான இடைவெளி. ஏணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க 1.8 மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள குறுக்குப் பலகைகள், அவற்றில் கீழ்க்கடைசியானது அடியிலிருந்து ஐந்தாவது படியாக இருக்க வேண்டும். நீர்மட்டத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் பைலட் ஏணியோடு, கப்பலின் பக்கவாட்டில் படிக்கட்டுபோல் சாய்வாக இறக்கப்படும் சாய்வேணியையும் சேர்த்துக் கூட்டு ஏணியாகக் கட்ட வேண்டும். ஏணியைக் கட்டுவதையும் பைலட் ஏறுவதையும் பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் அருகில் நின்று மேற்பார்க்க வேண்டும். அவருக்கும் கப்பலின் மேடைக்கும் இடையே தொடர்பு இருக்க வேண்டும். தானாக ஒளிரும் விளக்கோடு ஒரு உயிர்காப்பு வளையமும் வீசுகயிறும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் படமாக வரைந்த சுவரொட்டி கப்பல்களின் மேடையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும், பன்னாட்டுக் கடல்சார் பைலட்டுகள் சங்கம் தன் உறுப்பினர்களைக் கொண்டு ஆண்டுதோறும் நடத்தும் ஏணிக் கணக்கெடுப்பில், பார்க்கப்பட்ட அமைப்புகளில் பத்தில் ஒன்றுக்கும் மேல் விதிக்கு ஒவ்வாதவையாக இருப்பது தொடர்கதையாகிவிட்டது. 2019 டிசம்பர் இறுதியிலும் 2020 ஆகஸ்டிலும், எட்டு மாத இடைவெளிக்குள், நியூயார்க் துறைமுக நுழைவில் பணியாற்றிய அனுபவம் மிக்க பைலட்டுகள் இருவர் கப்பலில் ஏறும்போது விழுந்து உயிரிழந்தனர். ஒரே துறைமுகம், ஒரே பைலட் சங்கம், இரண்டு சக ஊழியர்கள். அந்தச் சங்கத்தின் படகுகளில் அதன்பின் ஏணியை அண்ணாந்து பார்த்தவர்களின் மனநிலையை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை. எங்களில் ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். கப்பலின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்னிரவில், சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாக நீருக்கு மேலே உயர்ந்து நின்ற ஒரு மொத்தச் சரக்குக் கப்பலில் ஏறினேன். படகு அலையின் உச்சிக்கு வரும்வரை காத்திருந்து, ஏணியைப் பற்றி, படகு கீழே இறங்குவதற்குள் இரண்டு படிகள் மேலேறினேன். ஆறாவது படியில் என் முழு எடையும் விழுந்த நொடியில், வலது பக்கக் கயிறு ஒரு சாண் அளவுக்குச் சட்டென்று கீழிறங்கியது. படி சாய்ந்தது, வலது கால் நழுவித் தொங்கியது. இடது கை கயிற்றைப் பற்றியிருந்ததால் பிழைத்தேன். கீழே படகு அலையில் விலகிப் போய்க்கொண்டிருந்தது. திரும்ப இறங்குவதற்கு அங்கே எதுவும் இல்லாததால் மேலேறினேன்.

மேல்தளத்துக்கு வந்ததும் காரணம் தெரிந்தது. ஏணியின் முழு நீளமும் தேவைப்படாததால் அதை நடுவில் நிறுத்திக் கட்டியிருந்தார்கள். பக்கக் கயிறுகளில் துணைக்கயிற்றால் உருட்டுமுடிச்சுப் போட்டு, அந்தத் துணைக்கயிறுகளைத் தளத்திலுள்ள வலுவான வளையத்தில் கட்டுவதுதான் முறை. அங்கே அப்படிக் கட்டவில்லை. ஷேக்கிள் எனப்படும் லாட வடிவ இரும்புக் கொக்கிகள் இரண்டைப் பக்கக் கயிறுகளைச் சுற்றி மாட்டி, ஒரு படியின் அடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பார்வைக்கு அது உறுதியாகவே இருக்கும். இரும்பு இருக்கிறது, வளையம் இருக்கிறது, ஏணி அசையாமல் தொங்குகிறது. ஆனால் எடை எங்கே போகிறது என்று பாருங்கள். பக்கக் கயிறுகள் தாங்க வேண்டிய எடை முழுவதையும், படி நகராமல் இருக்கக் கயிறுகளைச் சேர்த்துச் சுற்றியிருக்கும் மெல்லிய நூற்கட்டும், படிக்கு மேலும் கீழும் உள்ள சிறு ஆப்புகளும் தாங்க வேண்டியதாகிறது. படியை அதன் இடத்தில் பிடித்துவைக்கக் கட்டிய கட்டு அது; மனிதனைச் சுமக்கக் கட்டியது அல்ல. எத்தனையோ முறை அப்படிச் சுமந்து தளர்ந்துபோன அந்தக் கட்டு, அன்றிரவு என் எடையில் அறுந்தது. ஷேக்கிள் அடுத்த படிவரை வழுக்கிப் போய் நின்றது. நான் கீழே உணர்ந்த அந்த ஒரு சாண் அதுதான்.

தளத்து மாலுமிகளின் தலைவரான போசனின் முகம் வெளிறிப்போயிருந்தது. கேப்டன் மேடையில் என்னிடம் மனதார மன்னிப்புக் கேட்டார். நான் இறங்கும்போது ஏணியைச் சரியாகக் கட்டியிருந்தார்கள், நானே பார்த்து உறுதி செய்துகொண்டேன். கப்பலுக்கு ஏற்கெனவே தாமதம். எனக்கு அடுத்த கப்பல் காத்திருந்தது. குறை சரிசெய்யப்பட்டுவிட்டது, யாருக்கும் அடி இல்லை, நல்ல மனிதர்கள், இவர்கள்மேல் எழுதி என்ன ஆகப்போகிறது என்று எண்ணி, அறிக்கை எழுதாமல் விட்டுவிட்டேன்.

மூன்று வாரங்கள் கழித்து, வேறொரு நாட்டின் துறைமுகத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய சக பைலட் ஒருவர் ஏணியிலிருந்து படகின் தளத்தில் விழுந்து குதிகால் எலும்பும் இடுப்பும் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார் என்று சொன்னார். கப்பலின் பெயரைக் கேட்டேன். அதே கப்பல். ஷேக்கிள்களும் அதே இடத்தில்தான் இருந்தன. எனக்காக ஏணியைச் சரியாகக் கட்டிய கைகள், நான் போனபின் பழைய வழக்கத்துக்கே திரும்பியிருந்தன. ஏன் அப்படிக் கட்டக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை, நான் உட்பட. அந்தப் பைலட் பின்னர் நடமாடத் தொடங்கினார், ஆனால் ஏணியில் ஏறும் வேலைக்குத் திரும்பவில்லை. அவரை நான் நேரில் சந்தித்ததில்லை. நான் எழுதாத ஒரு பக்கத்தின் விலையை அவர் கொடுத்தார் என்பதை மட்டும் அறிவேன்.

என்னைப் போன்றவர்கள் ஏன் எழுதுவதில்லை என்பதை, இந்தக் குற்றவுணர்வை ஒருபுறம் வைத்துவிட்டு, உங்களிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதற்காரணம், கண்ணெதிரே சரிசெய்யப்பட்ட குறை முடிந்துபோன குறையாகத் தோன்றுகிறது. இரண்டாவது, எழுதினாலும் பதில் வருவதில்லை. நான் அறிந்த பைலட்டுகளில் பலர் தொடக்க ஆண்டுகளில் சிரத்தையோடு படிவம் நிரப்பியவர்கள்தான். அந்தப் படிவம் எங்கே போனது, யார் படித்தார், கப்பலிடம் யாராவது கேட்டார்களா, ஏணி மாற்றப்பட்டதா என்று ஒரு வரிகூடத் திரும்பி வராதபோது, நான்காவது ஐந்தாவது முறை பேனாவை எடுக்கக் கை எழுவதில்லை. மூன்றாவது காரணத்தை வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம்: கப்பலைத் தாமதப்படுத்துகிறவர், தொந்தரவு செய்கிறவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம். ஏணியை மறுத்த பைலட் கரைக்குத் திரும்பியதும், 'மற்றவர்கள் ஏறினார்களே' என்று முதலில் கேட்பது சில இடங்களில் அவருடைய சொந்த மேலதிகாரியாகவே இருக்கிறார்.

நான்காவது காரணம், நம் அறிக்கை யாரைத் தண்டிக்கும் என்ற தயக்கம். நிறுவனத்துக்குப் புகார் போனால், புதிய ஏணி வாங்கக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்த கேப்டனையோ, கொடுக்கப்பட்டதை வைத்துக் கட்டிய போசனையோதான் அது போய்த் தாக்கும் என்று நமக்குத் தெரியும். இந்தத் தயக்கம் மனிதத்தன்மையுள்ளது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே போசன் அதே ஏணியில் தொங்கிக்கொண்டுதான் கப்பலின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் மிதவை அளவைப் படிக்கிறார். நங்கூரத் துறையில் நிற்கும்போது ஆய்வாளர்களும், முகவர்களும், பழுதுபார்ப்பவர்களும், பணிமாறும் மாலுமிகளும் அதே ஏணியில்தான் ஏறி இறங்குகிறார்கள். நாம் மௌனமாக இருப்பது அவரைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவரையும் அந்த ஏணியில்தான் விட்டுவிட்டு வருகிறோம்.

அறிக்கை பெறும் அமைப்புகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் 2003ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்று, பாதுகாப்பைப் பாதிக்கும் எதையும் உரிய அதிகாரியிடம் தெரிவிக்கும்படி பைலட்டுகளுக்குப் பரிந்துரைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டாணை, கப்பலின் பாதுகாப்பான ஓட்டத்தைப் பாதிக்கக்கூடிய குறைகளைத் தெரிவிப்பதைப் பைலட்டுகளின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. பிரிட்டனில் இயங்கும் சிர்ப் அமைப்பு, எழுதியவரின் பெயரைக் காத்து, நூலிழையில் தப்பிய நிகழ்வுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. கடலோடிகளின் தொழில்முறை அமைப்பான நாட்டிகல் இன்ஸ்டிடியூட்டின் மார்ஸ் திட்டமும் நெடுங்காலமாக அதே பணியைச் செய்துவருகிறது. இவற்றில் வெளியான ஏணி நிகழ்வுகளைப் படித்துத்தான் நானும் பலவற்றைக் கற்றேன். அவற்றை நடத்துவோருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஆனால் இங்கே இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. இம்மடலில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். கப்பலின் பெயரை நீக்கி, ஆற அமர ஆராய்ந்து, மாதங்கள் கழித்து வெளியாகும் அறிக்கையின் நோக்கம் எல்லோரும் பாடம் கற்பது. நாளை மறுநாள் அந்தக் கப்பலில் ஏறப்போகிறவருக்கு அது உதவாது. அவருக்கு வேண்டியது கப்பலின் அடையாளம், ஏணியின் குறை, படம், அவ்வளவுதான். அதுவும் இன்றே வேண்டும். முதல் வகை அறிக்கைக்கு மறைவு உயிர்நாடி, இரண்டாவது வகைக்கு விரைவும் தெளிவான அடையாளமும் உயிர்நாடி. ஒரே படிவத்தை இரண்டுக்கும் பயன்படுத்தும்போது இரண்டுமே கெடுகின்றன: அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் கப்பலிலிருந்து யாரும் உண்மையை எழுதுவதில்லை, அடையாளத்தை நீக்கிவிடுவதால் அடுத்த பைலட்டுக்குச் செய்தி சேர்வதில்லை. இரண்டு வாய்க்கால்களையும் தனித்தனியே வெட்டுங்கள்.

விமானத்துறை இதில் நமக்கு முன்னால் நடந்து காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கப்பட்ட விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்தை, விமானிகளுக்கு உரிமம் வழங்கவும் தண்டிக்கவும் அதிகாரமுள்ள அமைப்பு நடத்தவில்லை, நாசாவிடம் ஒப்படைத்தார்கள். தண்டிக்கும் கை வேறு, கேட்கும் காது வேறு என்று பிரித்ததால்தான் விமானிகள் தங்கள் சொந்தத் தவறுகளையே எழுதத் துணிந்தார்கள். அதே துறையில், பறக்கும் ஒரு விமானத்தில் காணப்பட்ட பழுது அந்த விமானத்தின் பதிவேட்டில் ஏறி, அடுத்து ஓட்டப்போகும் விமானியின் கைக்கு வருகிறது. நம் ஏணிக்கு அப்படி ஒரு பதிவேடு ஏன் இருக்கக் கூடாது? ஏணியோடு வரும் சான்றிதழ் கப்பலின் கோப்பில் இருக்கிறது. அந்த ஏணி பிறந்த நாளைச் சொல்லும் தாள் அது. பிறகு அது எப்படி வாழ்ந்தது என்பதை எந்தத் தாளும் சொல்வதில்லை.

சான்றிதழைப் பற்றிப் பேசும்போது, கழித்துக்கட்டப்பட்ட ஏணி ஒன்றைக் கரையில் வைத்துப் பிரித்துப் பார்த்த நாள் நினைவுக்கு வருகிறது. வெளித்தோற்றத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. கயிறு வெயிலில் சற்று வெளுத்திருந்தது, அவ்வளவுதான். படியின் இரு முனைகளிலும் கயிற்றை இறுக்கிச் சுற்றியிருந்த நூற்கட்டைக் கத்தியால் அறுத்து ஆப்பை விலக்கினோம். அந்த ஆப்புக்குள் மறைந்திருந்த கயிறு கருத்துப்போய், விரலால் நெருடியதும் பழுப்பு நிறத் தூளாக உதிர்ந்தது. ஈரத்தோடு சுருட்டிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட ஏணி, மாதக்கணக்கில் உள்ளிருந்தே மக்கியிருக்கிறது. கீழே படகில் நின்று அண்ணாந்து பார்க்கும் பைலட்டால் அதை ஒருபோதும் காண முடியாது. காணக்கூடியவர் கப்பலில் இருப்பவர் மட்டுமே; அவர் கண்டதைச் சொல்ல அஞ்சாத நிலை இருந்தால்தான் நமக்கும் அது தெரியவரும். ஆகவே ஏணியைப் பற்றி அறிக்கை எழுதும் உரிமையும் வழியும் பைலட்டுக்கு மட்டும் இருந்தால் போதாது. தளத்தில் வேலை செய்யும் மாலுமி, தன் நிறுவனத்தைத் தாண்டி, தன் பெயர் வெளியே போகாது என்ற உறுதியோடு எழுத ஒரு வழி வேண்டும்.

கூட்டு ஏணியிலும் இதேபோன்ற ஒரு மறைவான ஆபத்து உண்டு. சாய்வேணியின் கீழ்த்தட்டில் ஒரு கதவுத் திறப்பு வைத்து, அதன் வழியே பைலட் மேலேறும்படி அமைத்திருக்கும் கப்பல்களில், பைலட் ஏணி அந்தத் தட்டுக்கு மேலும் கைப்பிடி உயரம்வரை நீண்டிருக்க வேண்டும் என்கிறது விதி. ஏணியைத் தட்டின் அடியிலேயே கட்டித் தொங்கவிட்டால், திறப்புக்குள் தலையை நுழைத்த பைலட் மேற்கொண்டு பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல், உடலைப் பக்கவாட்டில் வளைத்துத் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது கட்டியவரின் தவறு அல்ல. கப்பலை வடிவமைத்தபோதே நேர்ந்த தவறு. ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்ட கப்பல்கள் பல இருக்கும். ஒரு கப்பலைப் பற்றி வரும் அறிக்கை அதன் உடன்பிறப்புகள் எல்லாவற்றையும் பற்றிய அறிக்கை என்பதை, தொகுத்துப் பார்க்கும் ஒருவர் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். தனித்தனித் துறைமுகங்களில் தனித்தனிக் கோப்புகளில் உறங்கும் தாள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

நல்ல அறிக்கை என்பது நீளமான அறிக்கை அல்ல. கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், உரிமையாளர் மாறுவார். மாறாதது, ஒவ்வொரு கப்பலுக்கும் அடையாளமாக வழங்கப்படும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண். அதை முதலில் எழுத வேண்டும். பிறகு தேதி, இடம், கப்பலின் எந்தப் பக்கம் என்ற விவரம். குறையைப் 'பாதுகாப்பற்ற ஏணி' என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. ஷேக்கிளில் தொங்கியது, ஏணியை மேலே தூக்கும் இழுகயிறு கீழ்க்கடைசிக் குறுக்குப் பலகைக்கும் அடியில் கட்டப்பட்டிருந்தது, படிகள் சாய்ந்திருந்தன, மேலே அதிகாரி யாரும் இல்லை என்று கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். படம் எடுக்கும்போது தொலைவிலிருந்து முழு ஏணிக்கு ஒன்று, குறையுள்ள இடத்துக்கு அருகில் ஒன்று, மேல்தளத்தில் கட்டிய இடத்துக்கு ஒன்று என மூன்று படங்கள் போதும். மூன்றாவது படத்தைத்தான் நாம் பெரும்பாலும் எடுக்கத் தவறுகிறோம், உண்மை அங்கேதான் இருக்கிறது. மாலுமிகளின் முகம் படத்தில் விழக்கூடாது. ஏணியில் இருக்கும்போதோ ஏறப்போகும் தருணத்திலோ படம் எடுக்கவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இந்த அறிக்கையின் முதல் பிரதி கப்பலின் கேப்டனுக்கே போக வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் எழுதப்படும் அறிக்கை பகையை மட்டுமே வளர்க்கும். மேடையில் நின்று, குறையைக் காட்டி, அது ஏன் ஆபத்து என்பதை விளக்கி, 'இதை நான் எழுதப்போகிறேன், அடுத்த துறைமுகத்துக்கும் அனுப்பப்போகிறேன்' என்று சொல்லிவிட்டு எழுதுவதே முறை. அன்றிரவு நான் இதைச் செய்திருந்தால், அந்தக் கேப்டன் தன் நிறுவனத்திடம் புதிய ஏணி கேட்பதற்கு என் அறிக்கையே அவருக்குக் கைத்தாங்கலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

துறைமுக அதிகாரிகளே, அடுத்த துறைமுகத்துக்குச் செய்தி அனுப்பும் கடமையைத் தனி ஒரு பைலட்டின் தலையில் சுமத்தாதீர்கள். கப்பல் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அங்குள்ள பைலட் நிலையத்தோடும், வரும் வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதிக்கும் துறைமுக நாட்டுக் கண்காணிப்பு ஆய்வாளர்களோடும் தொடர்பு இருப்பது உங்களுக்குத்தான். பாரிஸ், டோக்கியோ உடன்பாடுகளைப் போன்ற வட்டார ஏற்பாடுகளின் கீழ் ஆய்வு விவரங்கள் நாடுகளுக்கிடையே ஏற்கெனவே பகிரப்படுகின்றன. பாதை இருக்கிறது, அதில் ஏணிச் செய்தியும் பயணிக்க வேண்டும். ஏணியை மறுத்துத் திரும்பிய பைலட்டிடம் தாமதத்தின் கணக்கைக் கேட்காதீர்கள். அவர் மறுத்த காரணத்தைக் கேளுங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள், அன்றே அனுப்புங்கள்.

பைலட் சங்கங்களின் பொறுப்பாளர்களே, அறிக்கை எழுதியவருக்குப் பதில் எழுதுங்கள். நீண்ட பதில் வேண்டாம். பெற்றோம், இன்னாருக்கு அனுப்பினோம், கப்பல் தரப்பிலிருந்து இன்ன பதில் வந்தது, அல்லது இதுவரை வரவில்லை என்ற மூன்று நான்கு வரிகள் போதும். எழுதுகிறவரை மீண்டும் எழுத வைப்பது அந்தப் பதில்தான். நன்றாகக் கட்டப்பட்ட ஏணிகளையும் எழுதச் சொல்லுங்கள். விதிப்படி கட்டி, விளக்குப் போட்டு, அதிகாரி நின்று வரவேற்ற கப்பலின் படத்தை அந்தக் கப்பலுக்கே அனுப்பிப் பாராட்டினால், அடுத்த துறைமுகத்தில் அந்த போசன் எப்படிக் கட்டுவார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறையை மட்டுமே எழுதும்போது நாம் ஆய்வாளர்களாகத் தெரிகிறோம். நிறையையும் எழுதும்போதுதான் சக கடலோடிகளாகத் தெரிவோம்.

கப்பல் நிறுவனங்களில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். ஏணியைப் பற்றிய அறிக்கை வந்தால், 'ஏணி மாற்றப்பட்டது, மாலுமிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது' என்ற ஒரே வரியில் கோப்பை மூடிவிடாதீர்கள். ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று கேளுங்கள். தளத்தில் வலுவான வளையம் சரியான இடத்தில் இல்லாததால் கைப்பிடிக் கம்பியில் கட்டினார்களா? துணைக்கயிறே கொடுக்கப்படவில்லையா? இரவு முழுவதும் வேலை செய்து களைத்திருந்தார்களா? காரணம் எழுதப்படாத பதில் அடுத்த விபத்தைத் தடுக்காது. கிடைத்த காரணத்தை உங்கள் மற்ற கப்பல்களுக்கும் அனுப்புங்கள்.

2025 ஜூனில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் பாதுகாப்புக் குழு, 23ஆம் விதியைத் திருத்தி ஏணிகளுக்கான கடுமையான புதிய தரநிலைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2028 ஜனவரி 1 முதல் அவை நடைமுறைக்கு வருகின்றன. நெடுநாள் உழைப்பின் பயன் அது, மனமார வரவேற்கிறேன். ஆனால் அதுவரை ஒவ்வொரு நாளும் இரவும் பகலும் பழைய ஏணிகளில் ஏறிக்கொண்டுதான் இருப்போம். செய்தியைப் பகிர்வதற்குப் புதிய விதி எதுவும் நடைமுறைக்கு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு படிவமும், ஒரு முகவரியும், அதைத் திறந்து படித்து அன்றே அனுப்பிவைக்கும் பொறுப்புள்ள ஒருவரும் இருந்தால் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.

அன்றிரவு எழுதாமல் விட்ட அறிக்கையைச் சென்ற வாரம் எழுதி முடித்தேன். ஐஎம்ஓ எண், தேதி, ஏணி கட்டப்பட்டிருந்த விதம், அறுந்த கட்டு, என் மௌனம் எல்லாம் அதில் இருக்கின்றன. என் சங்கத்திடமும் துறைமுக அலுவலகத்திடமும் கொடுத்திருக்கிறேன். அந்தக் கப்பல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அறிக்கை அது அடுத்துச் செல்லும் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டதா என்ற பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கப்பல் பைலட்